நாற்பத்து மூன்றாம் மைலில் இடப்புறம்

பயணக் கையேட்டில் இப்படி அச்சாகியிருந்தது:
'நாற்பத்து மூன்றாம் மைல். சிவப்புக் களஞ்சியம்.
இடப்புறம் திரும்புக.'
சாலைக்குப் பெயரில்லை அன்று, எண்ணுமில்லை.
கைகாட்டி நட அயோவாவில் எவனிடமும் காசில்லை.
சோளம், சோளத்துக்கப்புறம் சோளம்.
நடுவில் ஒரு களஞ்சியம்;
அதன் நிறம்தான் எழுத்து.

அந்த வசந்தத்தில் டோலெஃப் பிரெக்கே
அதற்கு வெள்ளையடித்தான்.
சுண்ணாம்பு மலிவாகக் கிடைத்ததாம்.
அவ்வளவுதான் காரணம்.

அன்றிலிருந்து
இடப்புறம் திரும்ப வேண்டிய அமெரிக்கா
நேரே என் வீட்டுக்கு வந்தது.

என் வாசலோடு சாலை முடிகிறது.
அப்பால் நாணல். நாணலுக்குள் தவளைகள்.
முதல் கார் வந்தபோது கோழிகள் கூரையேறின,
ஒன்று இறங்கவேயில்லை இரண்டு நாள்.
தூசிமுக்காட்டை விலக்கிக் கண்ணாடியைக் கழற்றினாள் அந்தப் பெண்:
முகமெல்லாம் மண், கண்ணைச் சுற்றி மட்டும்
இரண்டு வெள்ளை வட்டம்.
அவள் கணவன் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.
'இங்கே வீடு இருப்பதாகப் போடவில்லையே!'
'இருபத்தாறு வருஷமாக இருக்கிறது,' என்றேன்.
'காப்பி குடிக்கிறீர்களா?'

மழை பெய்தால் டோலெஃபின் குதிரைகளுக்கு வரும்படி,
சேற்றிலிருந்து இழுக்க இரண்டு டாலர்.
வெயிலடித்தால் எனக்கு.
பிளம் கேக் துண்டு ஐந்து செண்ட்,
தகரத்தில் பெட்ரோல், வாங்கின விலைக்கு மேல் கொஞ்சம்.
ஓப்பெடால் போய் ஒன்பது வருஷம்;
அந்த ஒன்பது வருஷத்தில் பேசாததை
ஒரே ஆகஸ்டில் பேசித் தீர்த்தேன்,
பெரும்பாலும் டயர்களைப் பற்றி.

டொலீடோவிலிருந்து வந்த பல் வைத்தியர்
திருப்பத்தைக் காட்டச் சொல்லி என்னை முன்சீட்டில் ஏற்றினார்.
மூன்று மைல். நடந்தால் ஒரு மணி நேரம்.
அந்த வழியில் ஒவ்வொரு வேலிக்கம்பும் எனக்குத் தெரியும்:
சாய்ந்தது, மின்னல் தொட்டது,
பருந்து வந்து உட்காருவது.
காரிலிருந்து பார்த்தால் கம்புகளே இல்லை,
வேலி மட்டும்தான், ஒரே இழுப்பில் போட்ட கோடு.
பன்னிரண்டு நிமிஷம்.
தொப்பி போனது, தேடவும் தோன்றவில்லை.
களஞ்சியத்தடியில் இறக்கிவிட்டுப் போனார்கள்.
திரும்பி நடந்து வந்தேன்.
கம்புகள் எல்லாம் அங்கேயேதான் நின்றன, தனித்தனியாக.
ஆனால் முன்னைவிட
மெதுவாக நின்றன.

அடுத்த வருஷம் புதுப் பதிப்பு.
'வெள்ளைக் களஞ்சியம். இடப்புறம் திரும்புக.'
திரும்பினார்கள்.
அடுக்களை ஜன்னலிலிருந்து பார்ப்பேன்,
தொலைவில் ஒரு தூசிவால் எழும், நீளும்,
சரியான இடத்தில் வளைந்து போய்விடும்.
சரியாகப் போகிறவர்கள்மேல் அத்தனை கோபம் வருமென்று
நான் நினைத்ததில்லை.
ஒரு கேக்கை நான்கு நாள் தனியாகத் தின்றேன்.
ஐந்தாம் நாள் கோழிகளுக்கு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு
யாரோ அந்தக் களஞ்சியத்தின் சாலைப்பக்கச் சுவருக்குச்
சிவப்படித்துவிட்டார்கள்.
ஏணிக்கு எட்டிய உயரம் வரை மட்டும்.

டோலெஃப் வந்தான், பின்னால் ஷெரீப்பின் ஆள் காரில் வந்தான்,
சின்னப் பையன், மீசை இன்னும் முடிவு செய்யவில்லை.
'மிஸஸ் ஓப்பெடால், உங்கள் விரலெல்லாம் சிவப்பு.'
'பீட்ரூட் ஊறுகாய்,' என்றேன்.
முகர்ந்து பார்த்தான். ஆளிவிதை எண்ணெய் வாசம்
பீட்ரூட்டுக்கு வராது என்பது
அவனுக்கும் தெரியும்.
டோலெஃப் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சேறில்லாத கோடை அவனுக்கும் வறட்சிதான்.

'திரும்பிப் போகப் பெட்ரோல் இருக்கிறதா?' என்று கேட்டேன்.
பையன் குச்சியை விட்டுப் பார்த்தான். ஈரம் நுனியில் மட்டும்.
காலன் இருபத்திரண்டு செண்ட்.
எண்ணிக் கொடுத்தான்.
கேக்கும் கேட்டான்.

விசாரணை அத்தோடு நிற்கிறது.
இதோ கிழக்கே ஒரு தூசிவால்.
வளையவில்லை.
அடுப்பில் கெட்டிலை ஏற்றுகிறேன்.